அடுத்த தட்டு எப்பம் வரும்?

பரிமாறுகிற தொழிலில் கைக்கு இருக்கிற வேலையைவிட முகத்துக்கு இருக்கிற வேலை அதிகம். என்னைப் போலத் தட்டு தூக்கிப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு தொழிலில் இருந்துகொண்டு கஸ்டமரிடம் மாட்டி முழிக்கிறவர்களும் நம்ம கட்சிதான்.

மஸ்கட்டில் பல வருஷம் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு, பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு ரிசார்ட்டில் பரிமாறுகிறவர்களை மேய்க்கும் கேப்டனாகச் சேர்ந்தேன். அங்கே ஒரு பிரெஞ்சு உணவகம். வெள்ளை விரிப்பு, வரிசையாக முள்கரண்டி, ஏழு தட்டுச் சாப்பாடு. ஒரு தட்டை எடுத்துக் கால்மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது போக வேண்டும் என்பது பாண்டிச்சேரிக்காரரான எங்கள் செஃப்பின் சட்டம்.

வெளியூர்க்காரன் சீசனுக்கு வருவான், உள்ளூர்க்காரன் மறுபடி வந்தால்தான் கடை நிற்கும் என்பார் முதலாளி. ஓணம் வரை பார்ப்பார். அதற்குள் ஒரு உள்ளூர்க் குடும்பமாவது இரண்டாம் முறை வராவிட்டால் ஒரே தட்டில் அள்ளி வைக்கிற அரபு மந்திச் சோற்றுக் கடையாக மாற்றிவிடுவார். மந்திக்குக் கேப்டன் எதற்கு? நான் திரும்ப மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அப்பாவை போனில் மட்டும் பார்த்து வளர்ந்த என் மகள் இப்போதுதான் என்னோடு சண்டை போடப் பழகியிருந்தாள். எனக்குப் போக மனசே இல்லை.

தகடு

நடுவில் ஒரு தடவை, விரிப்பில் சிந்தின ரொட்டித் துகளை வளைந்த சின்னத் தகடு ஒன்றால் வழித்தெடுக்க வேண்டும். மரியாதைக்குச் செய்கிற காரியம். ஒரு பல் டாக்டர் தன் அம்மாவையும் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அம்மா முன்னால் நான் வழித்ததும் அந்த அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. என் கையிலிருந்து தகட்டைப் பிடுங்கி, தன் பக்கம், மகன் பக்கம், மருமகள் பக்கம் எல்லாம் சுத்தமாக வழித்து, துகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அந்தக் குடும்பம் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. கிளம்பும்போது அம்மா சொன்னது இது:

"நான் சிந்தினத நாலு பேரு முன்னால நீரு தூத்துக் காட்டாண்டாம் கேட்டீரா, எனக்கு மேச தொடைக்கத் தெரியும்."

இனிப்புக்கு அப்புறம்

நெய்யூரிலிருந்து ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரும் மனைவியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கல்யாண நாள். ஆறு தட்டையும் பொறுமையாகச் சாப்பிட்டார்கள். எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. கடைசித் தட்டு இனிப்பு. மேலே கருக்கிய சர்க்கரையைத் தட்டி உடைத்து, வழித்துச் சாப்பிட்டார்கள்.

பிறகு எழுந்திருக்கவில்லை. காப்பி வேண்டாம் என்றார்கள். பில் கேட்கவில்லை. வாத்தியார் சட்டைக்கையை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டுக் கொண்டார். செஃப் கதவு வழியாக எட்டிப் பார்த்து, சாப்பாடு பிடித்துப்போய் ரசித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பூரித்தார். ரொம்ப நேரம் போனதும், வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். எங்கள் பக்கத்து விருந்தில் பாயசம் பாதி வழிதான், அதற்கப்புறம் மறுபடி சோறு விழும் என்பது இந்த ஊர்க்காரனான எனக்கே உறைக்கவில்லை. வாத்தியார் மனைவி கோபமில்லாமல் சொன்னார்:

"பாயசம் கழிஞ்சாச்சுல்லா தம்பி, இனி ரசமும் மோரும் வரட்டும்னு இருக்கோம்."

டோகா மாப்பிள்ளை

அடுத்த தட்டு எப்பம் வரும் என்று கேட்காத ஆளே கிடையாது. இந்தக் கால்மணி நேர இடைவெளிதான் எங்களைக் கவிழ்க்கப் போகிறது என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் கருங்கல்லில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் இரண்டு மேசை கேட்டார். ஒன்று பெரியவர்களுக்கு. இன்னொன்று, தள்ளி, கல்லூரியில் பாடம் எடுக்கும் அவர் மகளுக்கும் டோகாவிலிருந்து லீவில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கும். வீட்டில் வந்து பார்த்தால் சாயா ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது, எனக்குப் பேச நேரம் வேண்டும் என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாளாம்.

முதல் தட்டுக்கு மாப்பிள்ளை தன் காரைப் பற்றிப் பேசினார். இரண்டாம் தட்டுக்கு ஃபிளாட்டைப் பற்றி. மூன்றாவதுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போனை நோண்ட ஆரம்பித்தார். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான்காவது தட்டோடு போன என்னை அந்தப் பெண் கையமர்த்தினாள்:

"போரும் அண்ணா, எனக்கு மனசிலாயாச்சு."

அதே மேசை

ஓணம் நெருங்கியது. மந்திக்கு அண்டா வைக்க முதலாளி இடம் பார்த்துக் கொண்டிருந்தார். என் மனைவி பெட்டியை இறக்கி வெயிலில் வைத்துவிட்டாள். மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். அவளைத் தூக்கி இறக்க எனக்குக் கை வரவில்லை.

அந்த வாரம் டைல்ஸ் கடைக்காரர் மறுபடி கூப்பிட்டார். அதே மகள், அதே மேசை, வேறு மாப்பிள்ளை. இந்தப் பையன் பெங்களூரு. முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று அவளிடமே கேட்டான். அவள் தனக்கும் தெரியாது என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இவர்கள் ஏற்கனவே வந்தவர்களா என்று முதலாளி என் காதில் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஏழாவது தட்டும் காலியானது. இவனைப் பிடித்துவிட்டால் இனி எதற்கு வரப்போகிறார்கள் என்று எனக்குள் ஒரு கவலை. அந்த நேரத்துக்கு நான் அப்படித்தான் இருந்தேன். பெண் என்னைக் கூப்பிட்டாள்:

"சாப்பாடு தீந்தாச்சு, பேச்சு தீரல்ல அண்ணா, அடுத்த சனியாழ்ச்சையும் இந்த மேச தருவியளா?"

முதலாளி அண்டாவை மறந்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒதுக்குப்புறமாக நாலு மேசை போடச் சொல்லிவிட்டார், நானும் தினமும் வீட்டுக்குப் போய் மகளோடு சண்டை போடுகிறேன், ஆனால் சமையலைத் தேடி இந்த மாவட்டத்தில் இன்னும் ஒருவரும் மறுபடி வரவில்லை என்பதை எங்கள் செஃப்பிடம் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.