வலது கையை மட்டும் நீட்டினாள்

போன வருஷம் ஐப்பசி. மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. புதுச்சேரியில் குருசுக்குப்பத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு எனக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. பன்னிரண்டு மணி நேரம் காவல் காத்துவிட்டு வந்தால், என் மனைவி பாதித் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, மீதியை வாளியிலேயே விட்டு உட்கார்ந்திருப்பாள்.

"கை கடுக்குதுங்க. தூக்குனா அப்பிடியே சோர்ந்து போவுது. கொஞ்ச நேரம் தொங்கவுட்டா சரியாயிடுது" என்பாள்.

தலை வாரும்போதும் சீப்பைப் பாதியில் வைத்துவிடுவாள். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். சோறு இறங்கவில்லை. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் வரத்தானே செய்யும் என்று நினைத்தேன். அதோடு நிற்காமல், எனக்கு மட்டும் உடம்பு இரும்பா என்று எரிந்தும் விழுந்தேன்.

அவளுக்குப் பத்து வருஷமாக ரத்தக் கொதிப்பு உண்டு. மகள் வாங்கி அனுப்பிய பிரஷர் மிஷினில் தினமும் நான்தான் பார்ப்பேன். என் மனைவி எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் வலது கைதான். இடது கையை நீட்டினால் மரியாதை இல்லையாம். மிஷினுக்கும் அதே மரியாதை. நானும் அதுதான் முறை என்று வலது கையிலேயே பட்டையைச் சுற்றினேன். கொஞ்ச நாளாக மேல் எண் தொண்ணூறைத் தாண்டவே இல்லை. பிரஷர் இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டி, மாத்திரையை நிறுத்தினேன். போதாததற்கு உப்புப் போட்ட மோரும் ஊறுகாயும் கொடுத்தேன்.

காய்ச்சல் விடாததால், ஒரு நாள் லீவு போட்டு கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் நின்று நின்று கால் மரத்துவிட்டது. வலது கையில் ரத்தம் எடுத்துப் பஞ்சு ஒட்டியிருந்ததால், பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் இடது கையைக் கேட்டார். இவள் தயங்கித் தயங்கித்தான் நீட்டினாள். நூற்றுத் தொண்ணூறு காட்டியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க மிஷின் ரிப்பேரும்மா. வூட்டுல தெனம் நான் பாக்குறேன், தொண்ணூறுதான் இருக்குது" என்று சத்தம் போட்டேன்.

அந்தப் பெண் பதிலுக்குக் கோபப்படவில்லை. இவளுடைய இரண்டு மணிக்கட்டையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார். "பெரியவரே, வலது கையில நாடியே சரியா கெடைக்கல. கொஞ்சம் இருங்க, டாக்டரக் கூட்டியாறேன்" என்று வேகமாகப் போனார்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் விளக்கினார். வயதானவர்களுக்கு வரும் ஒரு ரத்தக்குழாய் அழற்சியாம். பலருக்குத் தலைவலியோடு வருமாம்; இவளுக்குத் தலையை விட்டுவிட்டு, நெஞ்சிலிருந்து கைக்குப் போகும் பெரிய குழாயைப் பிடித்திருந்தது. சுவர் தடித்து, வலது கைக்கு ரத்தம் போகும் வழி சுருங்கிவிட்டது. அந்தக் கையில் தெரிந்த தொண்ணூறு பொய். உடம்பில் ஓடியது நூற்றுத் தொண்ணூறு. இப்படியே விட்டிருந்தால் பக்கவாதம் வந்திருக்கலாம், கண்ணும் போயிருக்கலாம் என்றார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கட்டினவள் ஒருத்தியையே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த சில நாளில் காய்ச்சல் நின்றது. ஆனால் முகம் வீங்கிவிட்டது, சர்க்கரை வந்துவிட்டது, தூக்கம் போய்விட்டது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய குழாய் பின்னாளில் உப்பிவிடக்கூடும் என்பதால், அவ்வப்போது ஸ்கேனும் எடுக்க வேண்டும். இன்னும் பஸ் ஏறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு நாள் திரும்பி வரும்போது, "என்னால ஒங்களுக்குத்தான் எம்மாம் அலைச்சல், கோவிச்சுக்காதீங்க" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நானல்லவா?

அவள் சொன்னதையெல்லாம் வயசுக் கோளாறு என்று தள்ளிவிட்டு, மிஷின் காட்டிய எண்ணை மட்டும் நம்பினேனே என்ற நினைப்பு, எத்தனை வேலை செய்தாலும் வராத களைப்பை இன்றைக்கும் எனக்குத் தருகிறது.