வீடியோ: பரிமளா, வானூர்

அரங்கநாதனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள் எங்கள் சேனலில். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், பதினான்கு வருடம் அந்த ஆளோடு குப்பை கொட்டியவன் நான்.

திண்டிவனத்துக்காரர். நாளிதழ் ஒன்றில் வாராவாரம் செல்போன், கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்குப் பதில் எழுதினார். கேள்வி கேட்டவரின் பெயரும் ஊரும் தடித்த எழுத்தில் வரும். ஜனங்கள் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம், விழுப்புரத்தில் எங்கள் இணையச் செய்திச் சேனலுக்குத் தலைமை அதிகாரியான பிறகும் அவரை விடவில்லை. அனுப்பியவர் பெயர் இல்லாமல் எந்த வீடியோவையும் வெளியிட மாட்டார்.

போன சித்திரையில் ஒரு காலை, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாரி டிரைவரை மூன்று பேர் அரிவாளால் வெட்டினார்கள். கழுத்தில், தோளில், விழுந்த பிறகும் முதுகில். அங்கேயே செத்தான். பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் பரிமளா அதைப் படம்பிடித்து எங்களுக்கு அனுப்பினாள். வெட்டியவர்களின் முகம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சார், அந்தம்மா பேரை எடுத்துடுங்க. கொன்னுடுவானுங்க" என்றேன்.

"உயிரைப் பணயம் வச்சி எடுத்திருக்குது. ஒரு மரியாதை பண்ண வேணாமாய்யா?" என்று பெயரும் ஊருமாக வெளியிட்டுவிட்டார்.

மரியாதையாம், மண்ணாங்கட்டி. இருட்டுவதற்குள் அந்தக் கும்பலில் இரண்டு பேர் வானூரில் அவள் வீட்டுக் கதவை உடைத்தார்கள். தலைக்கு வந்த வெட்டைக் கையால் தடுத்தாள். வலக்கையின் மூன்று விரல்கள் வாசலிலேயே விழுந்தன. தகவல் வந்த பிறகுதான் அரங்கநாதன் வீடியோவை நீக்கினார். மறுநாள் அவள் புருஷன் முத்து அலுவலகத்துக்குள் புகுந்து இரும்பு நாற்காலியால் அவர் முகத்தில் அடித்தான். இரண்டு பல் போயிற்று. நான் தடுக்கவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

நாலாம் நாள் நானும் அரங்கநாதனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் அவரைக் காறித் துப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"வீடியோவ ஏன் சார் எடுத்துட்டீங்க?" என்று கேட்டாள் பரிமளா.

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"செத்தவன் பொண்டாட்டி இங்க வந்து அழுதுக்கினு இருந்தா. அவனுங்க யாருன்னு ஊரு பாக்க வேணாமா? திரும்பப் போடுங்க. என் பேரோடவே போடுங்க. இனிமே மறைச்சி என்னா சார் ஆவப்போவுது?"

அரங்கநாதன் வீங்கிய வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தார். அடுத்த வாரமே வேலையை விட்டார். இப்போது யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை. வீடியோவைத் திரும்பப் போட்டது நான்தான். அவள் பெயரையும் ஊரையும் தடித்த எழுத்தில் போட்டேன்.