உங்கள் மாமன் கொடுக்க வந்த ரத்தம்

பிள்ளைகளே, உங்கள் தாய்மாமன் நம் வீட்டுக்கு வந்தால் என்னிடம் ஏன் நேராகப் பேசுவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் அம்மாவைக் கேட்டால் "அப்பாவையே கேளுங்க" என்கிறாள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்கு அலுத்துப்போகிறது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது படித்தவன் எழுத்து, தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தம் எடுக்கிற அறையில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போதெல்லாம் பிளாஸ்டிக் பை கிடையாது, கண்ணாடி பாட்டில்தான். ரப்பர் குழாயையும் ஊசியையும் ஒருவருக்குப் போட்டதும் எறிந்துவிட முடியாது. கழுவ வேண்டும், கொதிக்கவைக்க வேண்டும், மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி மறுபடியும் கழுவி, ஆவியில் வேகவைக்க வேண்டும். குழாய்க்குள் ஒரு சொட்டு காய்ந்து ஒட்டியிருந்தாலும் ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்குப் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு குழாயாகத் தூக்கிப் பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் எரியும், விரல் தோல் உரிந்திருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. கேள்வி கேட்கிற வேலைதான் என்னை வாட்டி எடுத்தது. மேகநோய் என்கிற பால்வினை நோய்க்கு எங்களிடமே சோதனை இருந்தது. காமாலைக்கு இல்லை. ரத்தம் கொடுக்க வருகிறவரை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "காமாலை வந்திருக்கா?" என்று கேட்பேன். எல்லோரும் இல்லை என்பார்கள். நானும் இல்லை என்று தாளில் எழுதுவேன்.

அப்படி நான் எழுதிய ஒரு பாட்டில் ஒரு பெண்ணுக்கு ஏறியது. சில மாதம் கழித்து அந்தப் பெண் கண்ணெல்லாம் மஞ்சளாக வந்து சேர்ந்தாள். பிழைத்து வீடு திரும்பவில்லை. கொடுத்தவரைத் தேடிப் போனேன். அவருடைய முழங்கைக்குக் கீழே சூட்டுத் தழும்பு இருந்தது. காமாலைக்கு நம் பக்கத்தில் கையில் சூடு போடுவார்களே, அதுதான்.

"ஏங்க, வரவே இல்லைன்னு சொன்னீங்களே?"

"அதான் சூடு போட்டு எடுத்தாச்சே. எடுத்துப்புட்டதை எதுக்குங்க போயி சொல்லிக்கிட்டு?"

அவர் பொய் சொல்லவில்லை. சூடு போட்டால் நோய் அதோடு உடம்பைவிட்டுப் போய்விட்டது என்று நம்புகிறவர். நானும் அப்படி நம்பின வீட்டில் வளர்ந்தவன்தான், எனக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கேள்விக்கு முன்னால் சட்டைக் கையை மடிக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

உங்களில் கடைசி ஆள் பிறந்த அன்று காலை, அம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. ஒரு பாட்டிலாவது ஏற்றியாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. என் ரத்தம் சேரவில்லை. சொல்லி அனுப்பி, ஜெயங்கொண்டத்துப் பக்கமிருந்து உங்கள் மாமன் பஸ் பிடித்து வந்தார். அவருடையது சேர்ந்தது. படுத்துக் கையை நீட்டினார். நான்தான் ஊசி எடுத்து வைத்தேன். சட்டையை மடித்தால் தழும்பு.

"மாப்ள, இது காமாலைக்குப் போட்டதா?"

"சின்னப்புள்ளையில போட்டது மச்சான். காமாலைக்கோ, வயித்து வலிக்கோ, ஆத்தாவத்தான் கேக்கணும். அது சுடுகாட்டுல இருக்கு. போயி கேட்டுட்டு வரவா?"

"வெளையாடாத மாப்ள."

"யாரு வெளையாடுறது? அக்கா அங்க வெளுத்துக் கெடக்குது. குத்துங்க சீக்கிரம்."

என்னால் குத்த முடியவில்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து தழும்பைப் பார்த்தார்.

"வேற வழியே இல்லைன்னா இதைத்தான் ஏத்தணும். ஆனா நாலு மணி வரைக்கும் தாங்குவாங்கன்னு நினைக்கிறேன். திருச்சியில காமாலைக்கும் சோதனை பண்ணுன ரத்தம் கெடைக்கும். போயிட்டு அதுக்குள்ள வந்துருவீங்களா?" என்றார்.

வருகிறேன் என்றேன். உங்கள் மாமன் எழுந்து உட்கார்ந்து சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"நம்ம ஆளுங்க ரத்தம் ஆகாதுன்னு அடுத்தவன் சொல்லிக் கேட்டிருக்கேன். நம்ம வூட்டு ஆளே சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன். ஆஸ்பத்திரிச் சம்பளம் வாங்குனா அப்படித்தான் வரும்போல."

நம் பாட்டன்மார் யார் வயலில் நின்றார்கள், தண்ணீர் கேட்டால் அந்த வயல்காரர்கள் எப்படி எட்ட நின்று ஊற்றினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் அவருக்கு அது எங்கே போய்க் குத்தியது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் ரத்த மாதிரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருச்சியில் ஒரு பாட்டில் வாங்க ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். என் கையை யாரும் மடித்துப் பார்க்கவில்லை. காமாலைக்கும் சோதனை முடிந்தது என்று சீட்டு ஒட்டின பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது தலை சுற்றியது. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி வேட்டி நனைந்தது.

"மடியில என்னாங்க, மீனா?" என்றார் கண்டக்டர்.

"ரத்தம்."

பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார். கண்டக்டர் முன்னால் போய், "அண்ணே, பாடாலூர்ல டீக்கு நிறுத்த வேணாம், வுடுங்க" என்று டிரைவரிடம் சொன்னார்.

காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது. கூடவே ஒரு நினைப்பும் வந்தது. பிறந்ததிலிருந்து தெரிந்த ஆளை வேண்டாம் என்று எழுப்பி அனுப்பிவிட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவர் ரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். சோதனையும் சில நேரம் தவறும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அந்த ஆளிடம் கேள்வி கேட்டவர் என்னைப்போல் ஒருவர்தானே. என்ன எழுதினாரோ.

நாலு மணிக்கு முன்னால் ஏறியது. அம்மா பிழைத்தாள். ஆனால் எனக்கு வேலை முடியவில்லை. காமாலை காட்டுவதற்கு ஆறு மாதம்கூட ஆகும். தினம் காலையில் வாசல் வெளிச்சத்தில் அவள் கண்ணை உற்றுப் பார்ப்பேன்.

"என்னய்யா தெனம் இந்தப் பார்வை? பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படிப் பாக்கலையே" என்பாள்.

காரணம் சொல்லவில்லை. ஆறு மாதம் நான் ஒருவனே பார்த்தேன். கண் வெள்ளையாகவே இருந்தது. மாமனிடம் போய் அதைச் சொல்லலாம் என்று ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறப்போய் இரண்டு தரம் திரும்பி வந்தேன். என்னவென்று சொல்வது? அவர் ரத்தத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். அது எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசிப் பிள்ளைக்குக் காது குத்தியபோது மாமன் மடியில்லாமல் நடக்காது என்பதால் வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் என்னைப் பார்க்காமல் உங்கள் அம்மாவைப் பார்த்து, "அக்கா, ஊசியக் கொதிக்க வச்சாங்களா, யாரு காதுல குத்துனதுன்னு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு. கேள்வி கேக்குறதுதானே ஒங்க வூட்டுக்காரருக்கு வேலை" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். காலையிலேயே ஆசாரியிடம் அதைக் கேட்டு, ஊசியை வாங்கி, நானே அடுப்பில் கொதிக்கவைத்துக் கொடுத்திருந்தேன். அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன்.