ஒரு கை குழம்பு மீன்

மாப்பிள்ளை வீடு பார்க்க விமானம் ஏறி இத்தாலிக்குப் போன ஆள் எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் நான் ஒருவன்தான். ஆனால் "மாப்பிள்ளை" என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவே இல்லை. "அந்தப் பையன்" என்றுதான் சொல்வேன். மகள் ஜெனோவாவில் கப்பல் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அந்தப் பையனும் அங்கேதான், இத்தாலிக்காரன். வீடியோ காலில் விஷயத்தைப் போட்டு உடைத்தவள், கடைசியில் ஒன்று சொன்னாள்.

"நைனா, நீ சரின்னு சொன்னாதான். இல்லன்னா இல்ல."

மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. இப்படி முடிவைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டால் என்ன செய்வது? "பாக்க வரேன். பாக்க மட்டுந்தான்" என்றேன். அவன் அப்பா இன்னமும் கடலுக்குப் போகிறவர் என்பது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு.

ஜெனோவாவிலிருந்து மகளோடு ரயில். அது மலையைக் குடைந்த குகைக்குள் நுழையும், வெளியே வரும், கண் சிமிட்டும் நேரம் கடல் தெரியும், மறுபடி குகை. "இன்னாயா இவன், கடல காட்டிக் காட்டி மறைக்கிறான்" என்றாள் என் மனைவி. மடியில் கருவாட்டுப் பை. வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

இறங்கிப் பார்த்தால் மீனவ ஊரில் மணலே இல்லை! கடலிலிருந்து செங்குத்தாக ஒரு பாறை. அதன்மேல் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்ட மாதிரி வீடுகள். மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு. ராயபுரத்துச் சந்து ஒன்றை எடுத்து நிமிர்த்தி நிற்கவைத்தால் இப்படித்தான் இருக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் துணி காய்கிறது. நம் தெருவில் பைக் நிறுத்துகிற இடத்தில் அவர்கள் படகை நிறுத்தியிருக்கிறார்கள். மீன் வாசனை மட்டும் எங்கள் பையிலிருந்துதான் வந்தது.

அப்புறம் படிகள். ஏறினோம், ஏறினோம், ஏறிக்கொண்டே இருந்தோம். மனைவி ஒவ்வொரு திருப்பத்திலும் குந்திவிட்டாள். "இந்த ஊர்ல கொடத்த தூக்கினு ஏறணும்னு இருந்தா, கல்யாணத்தன்னிக்கே ஓடிப் பூட்டிருப்பேன்" என்றாள். அவளுடைய பட்டுப்புடவையை வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். முட்டி வலி போன இடம் தெரியவில்லை, நிமிர்ந்து நின்று சிரித்தாள்.

வீட்டில் பையனின் அம்மா என் மனைவியைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். இவள் மரம் மாதிரி நின்றாள். பையனின் அப்பா இன்னும் கடலில் இருக்கிறார், வருகிற நேரம்தான் என்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டைப் பார்த்து மனிதர்களை எடைபோட எனக்குத் தெரியாது. கரையில் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படகு கரை ஏறும்போது யார் வந்து கை வைத்துத் தள்ளினாலும் அவருக்குக் குழம்புக்கு ஒரு கை மீன் உண்டு. சொந்தக்காரனா, வழிப்போக்கனா, நேற்று சண்டை போட்டவனா என்று பார்க்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையைப் பூட்டியபோது ஆறு மாதம் எனக்குச் சம்பளம் இல்லை. தினமும் விடிந்ததும் கரைக்குப் போய் யார் படகு வந்தாலும் கை வைப்பேன். ஒருவர்கூட "இன்னாபா, இன்னிக்கும் வந்துட்ட?" என்று கேட்கவில்லை. என் மகள் அந்த ஆறு மாதமும் அந்த மீனைத் தின்றுதான் பள்ளிக்கூடம் போனாள். அதனால் இன்றைக்கும் என் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மடித்து வைத்திருப்பேன். பழக்கம், விடவில்லை.

படகு வந்தது. சின்னப் படகு, நீலப் பெயிண்ட், என் வயதில் ஒரு மனிதர். மணல் இல்லாததால் கல் சரிவில் கட்டைகள் போட்டு ஏற்றுகிறார்கள். அந்தப் பையன் ஓடிப்போய் முன்பக்கம் பிடித்தான். நான் சும்மா நிற்பேனா? செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கம் தோளைக் கொடுத்தேன். என் வாய் தானாக "ஐலசா" போட்டது. அவர் தன் பாஷையில் ஏதோ கத்தினார். படகு ஜோராக ஏறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்குப் பாதி சம்மதம்.

பெட்டியை எட்டிப் பார்த்தேன். நம் ஊர் நவரை மீன் மாதிரியே சிவப்பாகப் பத்து மீன், அவ்வளவுதான். அதிலும் ஒன்றின் வாலை நண்டு கடித்திருந்தது. ராத்திரி முழுக்கப் போட்ட வலைக்கு இதுவா என்று பாவமாக இருந்தது. இருந்தாலும் முறை முறைதானே? ஒரு மீன் போதும். கவரைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அந்தப் பையன் என் கவரைப் பார்த்தான். பணிவாகச் சிரித்து, அதை என் கையிலிருந்து வாங்கி, நாலு எட்டு நடந்து குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. அத்தனை படியும் எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. மனைவியிடம் சொன்னால் அவள் சிரிக்கிறாள். "கவர குப்பைல போட்டானா? ஐயோ, நான் பாக்கலியே!" அப்போது மகள் வந்தாள்.

"இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"கை வச்சவனுக்கு ஒத்த மீனு குடுக்கத் தெரியாத வூட்ல நான் எப்டிமா பொண்ணு குடுக்கறது?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த மீனைத் தின்றவள் இல்லையா. "இங்க அந்தப் பயக்கமே கெடையாது நைனா. நான் வேணா போய் சொல்லட்டா?"

"கேட்டு வாங்கறதுக்கு நான் இன்னா பிச்சையா எடுக்கறேன்? நாளைக்கு ஊருக்கு ரயிலு எப்போன்னு பாரு."

"அப்போ இல்லன்னுட்டியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். பாழாய்ப்போன கோபம், வந்தால் இறங்கத் தெரியாது.

மதியம் மேஜையில் சாப்பாடு. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா, சரி, பையனின் அம்மா, எனக்கு முன்னால் தட்டை வைத்தார். எண்ணெயில் பொரித்து எலுமிச்சை பிழிந்த சிவப்பு மீன். ஐந்து. ஓரமாக இருந்த ஒன்றின் வாலை நண்டு கடித்திருந்தது.

என் மனைவி தட்டைப் பார்த்தேன். அதிலும் ஐந்து.

அதற்கப்புறம்தான் மற்ற தட்டுகளைப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் கடலில் கிடந்த மனிதர் தக்காளி போட்ட வெறும் பாஸ்தாவைச் சுருட்டிச் சுருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கும் அதுதான், பையனுக்கும் அதுதான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவர் சாப்பிடு, சாப்பிடு என்று கையைக் காட்டினார். ஒரு கை மீனுக்கு நான் முறைத்துக்கொண்டு நிற்க, மொத்த வலையையும் எங்கள் இரண்டு பேர் தட்டில் கொட்டியிருக்கிறார். வெட்கமாகப் போய்விட்டது.

மகள் அந்தப் பக்கம், அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டிலும் மீன் இல்லை. வெறும் பாஸ்தா. விருந்தாளிக்குத்தான் மீன், வீட்டு ஆளுக்கு இல்லை. அவளை எப்போதோ வீட்டு ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். நான் சரி சொல்ல வேண்டும் என்று அவள்தான் காத்துக்கொண்டிருந்தாள், தலையைக் குனிந்தபடி, எதிலும் கை வைக்காமல்.

வால் இல்லாத மீனை எடுத்து மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி அந்தப் பையன் தட்டில் வைத்தேன்.

"படகுல நீயும்தான கை வச்ச? துன்னு மாப்ள."

மகள் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"யோவ், உன் கவர குப்பைல போட்டவனுக்கா?" என்றாள் என் மனைவி.

"போனா போவுது" என்றேன். "கவருதான?"