துக்க வீட்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரருக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட கூடை முழுவதையும் புரட்டிவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவர் பாட்டுக் கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

வளைகுடாவில் லாரி ஓட்டிய காலம் முழுக்க, அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு இயர்போனில்தான் பாட்டுக் கேட்டார். கூட இருந்தவர்கள் தூக்கம் கெடக்கூடாதே. இரண்டு சிறுநீரகமும் கெட்டு ஊர் திரும்பியதும் அந்த இயர்போனைத் தூக்கி எறிந்துவிட்டார்.

"போதும். இனிமே பாட்டு காதுக்குள்ள வேணாம். வீட்டுக்குள்ள கேக்கணும்" என்றார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போவோம். ரத்தம் சுத்தமாகிற நேரத்தில் மற்றவர்கள் அசந்து தூங்குவார்கள். இவர் மட்டும் ஊசி குத்தாத கையில் போனை வைத்துக்கொண்டு, நம் கைக்கு அடக்கமான விலையில் எந்த ஸ்பீக்கர் நல்லது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தேடியது புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். எங்கள் வீட்டில் புத்தகமும் கிடையாது, ஷெல்ஃபும் கிடையாது. பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுப் பலகை உண்டு, அதில் அவருடைய மாத்திரை டப்பாக்கள் இருந்தன.

உடம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கிற நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போவோம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் நாற்காலி எடுத்துப் போடுவார். இவர் முதலில் பெட்டியை விரலால் தட்டுவார், தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு தவிலும் ஜால்ராவும் வருகிற ஒரு பழைய பாட்டைப் போடச் சொல்வார். தவில் தொம்மு தொம்மென்று உப்பக்கூடாது, ஜால்ரா காதைக் குத்தக்கூடாது. சத்தத்தைக் கூட்டினால் எந்த ஓட்டை ஸ்பீக்கரும் பாடுமாம். குறைத்து வைத்தும் பாட்டு தேயாமல் இருக்கிறதா என்பதுதான் அவருக்குப் பரீட்சை.

என்னையும் விடமாட்டார். "கண்ண மூடு. பாடுற அம்மா எங்கிட்டு நிக்கிறாங்கன்னு சொல்லு."

"பொட்டிக்குள்ளதான். வேற எங்கிட்டு நிப்பாங்க?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. "நல்ல ஸ்பீக்கர்னா பொட்டி இருக்கறதே தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல ஆளே வந்து நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "ரெண்டு பொட்டி வாங்க இம்புட்டு ஆராய்ச்சியா?" என்று வழியெல்லாம் பொரிந்துகொண்டே வருவேன். "அடுத்த மாசம் புதுசா ஒண்ணு வருதாம். அதையும் பாத்துட்டு வாங்குவோம்" என்பார். அந்த 'அடுத்த மாசம்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் திரும்பி வருகிற பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி, "மொதல்ல பாத்தோம்ல, அந்த மரக்கலரு, அதையே போட்டுரு" என்றார்.

"புதுசு வருதுன்னீங்க?"

"வரட்டும். நமக்கு இது போதும்."

மனசு மாறிவிடப் போகிறாரே என்று பஸ் நிற்பதற்குள் போனில் ஆர்டர் போட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த மாதத்தை அவர் கைகழுவிவிட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த வாரமே மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் இறந்துபோனார்.

பார்சல் வந்தபோது வாசல் பந்தலைப் பிரித்திருக்கவில்லை. கொழுந்தனார் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "திருப்பி அனுப்பிருவோம் அண்ணி. யாரு பாட்டுக் கேக்கப் போறா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கருமாதி முடியாத வீட்டில் பாட்டு ஏது? டிவி ஒயரையே கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆனால் திருப்பி அனுப்புவதற்கான கெடு கருமாதிக்கு முன்பே முடிகிறது. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அத்தனை மாதம் அலசிய மனிதர் சரியானதைத்தான் எடுத்தாரா? அது தெரியாமல் அனுப்பிவிட்டால் சாகிறவரைக்கும் எனக்கு ஆறாது.

துக்கம் கேட்க வருகிறவர்களும் ஓயவில்லை. தெருமுனையிலேயே குரல் எடுத்து அழுதுகொண்டு வருவார்கள். நானும் மாமியாரும் எழுந்து ஓடிக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். சோற்றில் கை வைத்தால் ஒருவர், கண் அசந்தால் ஒருவர். அழுது முடித்துக் காப்பி குடித்துவிட்டு, "கடைசியா என்ன சொன்னாக?" என்று கேட்பார்கள். எங்களுக்கு வாய் அழுதது, முதுகு வலித்தது. எனக்கென்று ஒரு சொட்டு வரவில்லை. பெற்றவளான அத்தை வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லி முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

கெடு முடிகிற நாள் மத்தியானம், அத்தை கொல்லைப்பக்கம் போன நேரத்தில், கதவை ஒருக்களித்துவிட்டுப் பார்சலைப் பிரித்தேன். சோதித்துப் பார்க்காமல் எப்படி அனுப்புவது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மாத்திரை டப்பாக்களை இறக்கிவிட்டு, அவர் சொல்லியிருந்தபடி சுவரை ஒட்டாமல் இரண்டையும் தள்ளி வைத்தேன். முதலில் செய்தி போட்டேன். செய்தியில் பாவம் ஒன்றுமில்லையே. ஆனால் செய்தி வாசிக்கிறவரை வைத்து எதை முடிவு பண்ணுவது? அவருடைய அந்தப் பழைய பாட்டையே, இருக்கிறதிலேயே குறைந்த சத்தத்தில் போட்டேன்.

பாட்டு தேயவில்லை. தவில் அடக்கமாக வந்தது, ஜால்ரா தூரத்தில் மினுங்கியது. கண்ணை மூடினேன். காலண்டர் தொங்குகிற சுவருக்கு முன்னால், ஆள் உயரத்தில், அந்த அம்மா நின்று பாடினார். சரியாகத்தான் எடுத்திருக்கிறார். பாவி மனுஷன், ஒரு தடவை கேட்டுவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

நிழல் விழுந்து கண்ணைத் திறந்தால், வாசற்படியில் அத்தை. பதறிப்போய் நிறுத்தக் கை நீட்டினேன்.

"நிப்பாட்டாத" என்றபடி வந்து தரையில் உட்கார்ந்தார். "இதான் அவன் சொல்லிக்கிட்டே இருந்ததா?"

"ஆமா அத்தை."

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கூட்டி வையி" என்றார்.

"ரோட்டுக்குக் கேக்கும் அத்தை."

"கேக்கட்டும். எவளாச்சும் கேட்டா கெழவிதான் போடச் சொன்னான்னு சொல்லு."

கூட்டினேன். திருப்பி அனுப்புவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். தலைவிரி கோலமாகத் தெருவில் வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் பந்தலுக்கு வெளியே நின்றார்கள். பாட்டைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

அத்தையும் அதைப் பார்த்தார். அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை காத்திருந்து, என் மடியில் முகத்தைப் புதைத்து, "எஞ் சாமி" என்று மகனைக் கூப்பிட்டார். அன்று அதற்குப் பிறகு எங்களோடு அழ யாரும் வரவில்லை. நாங்கள் அழுதோம்.