கயிற்றுத் தடம் பதிந்த கற்கள்

எங்கள் குப்பத்தில் ஒரு காலத்தில் உப்பு ஏற்றும் துறை இருந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு மணல்மேடு, நான்கு ஃபைபர் படகுகள், காயும் வலை. துறையின் கற்கள் மட்டும் தொலைந்துபோகவில்லை. வீட்டுக்கு ஒன்றாகக் கொல்லையில் துவைக்கும் கல்லாகக் கிடக்கின்றன. படகு கட்டிய கயிறு உரசி உரசி அவற்றின் விளிம்பில் கட்டைவிரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். எங்கள் வீட்டுக் கல்லை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தவர் எங்கள் தகப்பனார், காலமாகிவிட்ட அத்தா.

மேட்டை இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மனு எழுத ஆரம்பித்தேன். ஏழு மனுக்கள். ஒவ்வொரு நகலிலும் தேதியும், வாங்கியவர் கையெழுத்தும் உண்டு. கடைசியில் ஓர் அதிகாரி போனில் சொன்னார்: "பேப்பரெல்லாம் போதும் பாய். தடம் இருக்கற கல்லு ஒண்ணு காட்டுங்க. பழைய துறைன்னு எழுதிடறேன், குத்தகை நின்னுடும். செவ்வாய்க்கிழமை வர்றேன்."

கல்லைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்று டீக்கடையில் சொன்னேன். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை நான் கவனித்திருக்க வேண்டும்.

செவ்வாயன்று அவரை பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்து வந்தேன். முதல் வீட்டில் கல்லைக் கவிழ்த்து மேலே கோழிக்கூண்டை வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டுப் பெண் எங்களை உள்ளே விடவில்லை.

"எங்க கல்லு பெருமுக்கல் குவாரிலேர்ந்து காசு குடுத்து வாங்கியாந்தது பாய். துறையாவது ஒண்ணாவது."

அப்போதும் நான் கலங்கவில்லை. என் வீட்டுக் கல் இருந்தது.

கொல்லையில், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த என் தம்பி உளியைக் கழுவிக்கொண்டிருந்தான். பள்ளம் இருந்த விளிம்பு முழுவதும் சில்லுச்சில்லாகக் கீழே கிடந்தது.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"துறைக் கல்லைத் திருடினாருன்னு மௌத்தான மனுஷன் பேர்ல கேஸ் வரணுமா? நீ பாட்டுக்கு ஆபீசரை இட்டுனு வர்ற."

"கேஸ்னு யாருடா சொன்னது?"

"ஏழு மனு எழுதினியே, கல்லை அத்தாதான் எடுத்தாந்தாருன்னு எதுலயாவது எழுதினியாண்ணே?"

எழுதவில்லை. எல்லா மனுவிலும் 'கற்கள் காலப்போக்கில் இடம்பெயர்ந்துவிட்டன' என்றுதான் எழுதியிருந்தேன்.

அதிகாரி குனிந்து சில்லுகளைப் பார்த்தார். "உளி பட்ட கல்லை நான் இன்னான்னு எழுதறது பாய்?" என்றார். டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது மேட்டைச் சுற்றி இறால் பண்ணையின் கம்பிவேலி. கல்லின் உடைந்த ஓரம் துணியைக் கிழிக்கிறது என்று, துபாய்க்குத் திரும்பும் முன் தம்பி அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டான்.