காயாத மாவு

செல்போன் ஊருக்குள் வந்த புதிதில், எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் ஒரு பிளாஸ்டிக் பை கம்பெனியில் சேர்ந்தேன். சோழவந்தான் வெற்றிலை கட்டுவதற்கு, மண்ணில் மக்கும் பை செய்துகொண்டிருந்தோம். மரவள்ளி மாவு கலந்த பை ஈரம் பட்டதும் கிழிந்தது. அதனால் அந்தக் கலவையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மக்காச்சோளத்திலிருந்து செய்த பிளாஸ்டிக்கை வைத்து மெஷினில் மூன்று அடுக்காக ஓட்டினோம்.

மாவை ஓவனில் நான்கு மணி நேரம் உலர்த்துவது என் வேலை. அன்று கரண்ட் போய்ப் போய் வந்தது. வெற்றிலை வியாபாரி வாசலில் காத்திருந்தார். பாதியிலேயே மாவை எடுத்துவிட்டேன்.

"காஞ்சிருச்சாம்மா?" என்று மெஷின் ஓட்டும் அண்ணன் கேட்டார்.

"காஞ்சிருச்சுண்ணே."

அவர் மாவைக் கலந்து மெஷினில் போட்டுவிட்டு, உருகிய பிளாஸ்டிக் சரியாக வருகிறதா என்று பார்க்க வழக்கம்போல மெஷின் வாயருகே குனிந்தார். உள்ளே மாவின் ஈரம் ஆவியாகிச் சீறியது. கொதிக்கும் பிளாஸ்டிக் உருண்டை ஒன்று அவர் காதை உரசிப் பறந்து சுவரில் அப்பியது. அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தடவினார்.

"காயலைண்ணே. நான் பொய் சொல்லிட்டேன்" என்று அழுதேன்.

"கண்ணு தப்பிச்சது. ஈரம்னா ஈரம்னு சொல்லும்மா, நாளைக்கு ஓட்டிக்கிருவோம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் முழு நேரமும் உலர்த்தினேன். மூன்று தடவை கையில் அள்ளிப் பார்த்தேன்.

"காஞ்சிருச்சாம்மா?"

"காஞ்சிருச்சுண்ணே."

அவர் மாவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதே இடத்தில் முகத்தை வைத்துக் குனிந்தார். முதல் நாளைவிட அப்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.